தொப்பி இல்லாமல் வரும் கேடிலாக்

டெட்ராய்ட்
1954, மே மாதக் கடைசி ஞாயிறு

அன்பு மகன் ஆல்டனுக்கு உன் அம்மா ஒடெஸ்ஸா எழுதுவது. கர்த்தருடைய தயவால் இங்கே உன் அப்பாவும் வெர்லீனும் நானும் குறையில்லாமல் இருக்கிறோம், அலபாமா வெயிலில் நீயும் உன் கல்லூரிப் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் முழங்காலில் நிற்கிறேன். எழுதுவது என்று சொன்னாலும் பேனா உன் தங்கையிடம்தான் இருக்கிறது. பார்லரில் முடி நீவுகிற சூட்டுச் சீப்பு கை நழுவி என் வலது உள்ளங்கையைச் சுட்டுவிட்டது. நான் சொல்லச் சொல்ல வெர்லீன் எழுதுகிறாள். அவள் படித்த பெண், என் பேச்சை அங்கங்கே இஸ்திரி போட்டுத்தான் எழுதுவாள், ஆனால் கருத்து முழுக்க என்னுடையது. உன் கல்யாணத்துக்குள் ஸ்டீயரிங் பிடிக்கிற அளவுக்குக் கை ஆறிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் கவலைப்படாதே.

ஸ்டீயரிங் என்ற சொல்லைப் பார்த்ததும் உனக்கு முகம் சுருங்கியிருக்கும். உன் கடிதம் வந்தது மகனே. ரயிலில் வாருங்கள், கேடிலாக்கை எடுத்து வர வேண்டாம், எடுத்து வந்தே தீருவோம் என்றால் அப்பா அந்த டிரைவர் தொப்பியை மாட்டிக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தாய். உன் அப்பா அதைப் படித்து மடித்துச் சர்க்கரை ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு வண்டி கழுவப் போய்விட்டார். முந்தின நாள்தான் கழுவியிருந்தார். என் பதிலைக் கேட்டுக்கொள். நாங்கள் காரில்தான் வருவோம். நான்தான் ஓட்டுவேன். தொப்பி வராது.

நீ சொன்ன காரணங்கள் இரண்டு. கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கலாம் என்று தீர்ப்பு வந்ததிலிருந்து அங்கே வெள்ளைக்காரர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள், ஷெரீப்பின் ஆட்கள் வடக்கத்தி நம்பர் பிளேட்டைக் கண்டாலே நிறுத்துகிறார்கள் என்பது ஒன்று. அது உண்மையான பயம், அதை நான் தள்ளவில்லை, கீழே அதற்கு வருகிறேன். இன்னொன்றைக் கடிதத்தின் ஓரத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய், எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. நீ கட்டப்போகிற இமோஜினின் அப்பா பாதிரியார் கெய்தர் சாப்பாட்டு மேஜையில் வைத்து, “வடக்க போன நம்ம ஜனங்களுக்கு வீட்டுக்குள்ள கட்டில் இருக்காது, வாசல்ல மட்டும் கேடிலாக் நிக்கும்” என்றாராம், எல்லோரும் சிரித்தார்களாம். நீ சிரித்தாயா இல்லையா என்று எழுதவில்லை. அதை எழுதாமல் விட்டதற்காக நான் அன்று முழுவதும் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன்.

இந்த ஏச்சு எனக்குப் புதிது இல்லை. பார்லரில் மோசெல் அக்காவைத் தெரியுமே, தலையை என் கையில் கொடுத்துவிட்டு நாக்கை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்பவள். போன வாரம்கூட, “ஏன்டி ஒடெஸ்ஸா, கூரை ஒழுகுது, வாசல்ல கப்பல் மாதிரி வண்டிய நிறுத்தியிருக்கியே, மழை வந்தா அதுலதான் குடும்பம் நடத்துவியா?” என்றாள். “கூரை வீட்டுக்காரனோடது அக்கா, அவன்கிட்டப் போய்க் கேளுங்க. என்னோடது ஒழுகல” என்றேன். பார்லரே சிரித்தது. ஆனால் சிரிப்புக்குப் பின்னால் இருப்பதைப் பாதிரியாருக்குச் சொல். நாங்கள் வீடு வாங்கப் போகவில்லையா? மேற்குப் பக்கத்தில் செங்கல் வீடு ஒன்றைப் பார்த்தோம், பின்னால் பேரிக்காய் மரம்கூட இருந்தது. விற்கிற மனிதன் உன் அப்பாவின் நிறத்தைப் பார்த்ததும் வீடு நேற்றே போய்விட்டது என்றான். விற்பனைக்கு என்ற பலகை மட்டும் அந்தக் கோடை முழுக்க அங்கேயே நின்றது. ஹோட்டல் நம்மை உள்ளே விடாது, அவர்கள் கிளப் விடாது, நாம் இருக்கிற ஹேஸ்டிங்ஸ் தெருவையும் இடித்து நெடுஞ்சாலை போடப்போகிறார்களாம், என் பார்லர் அதன் நடுவில் வருகிறது. கதவை நானே பூட்டி நானே திறக்க, அதை என் பெயரில் வைத்துக்கொள்ள, இந்த ஊர் எனக்கு விட்டுவைத்த அறை அந்த வண்டி ஒன்றுதான். சக்கரம் வைத்த அறை. அதை இடிக்க வந்தால் நான் ஓட்டிக்கொண்டு போய்விடுவேன்.

அந்தஸ்துக்கு மீறிய வண்டி என்றும் பாதிரியார் சொன்னாராமே. யாருடைய அந்தஸ்து? வெர்லீன் இந்த வருஷம் நம் ஊர் வரலாற்றைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினாள், நூலகத்திலேயே குடியிருந்தாள். இந்த இடத்தை அவளையே எழுதச் சொல்லிவிட்டேன், எனக்குப் பெயர்கள் வாயில் நுழையாது. அண்ணா, நான் வெர்லீன். டெட்ராய்ட்டை நிறுவிய கேடிலாக் என்கிற பிரெஞ்சுக்காரர் உண்மையில் பிரபு இல்லை. அவருடைய சொந்தப் பெயர் லோமே. கடல் தாண்டி அமெரிக்கா வந்து இறங்கியதும் தனக்குத் தானே நீளமான பிரபுப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டார், குலச்சின்னம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். இருநூறு வருஷத்துக்குப் பிறகு கார் கம்பெனி அவர் பெயரையும் சின்னத்தையும் எடுத்து வண்டியின் நெற்றியில் ஒட்டியது. சின்னத்தில் குட்டிக் குட்டி வாத்துகள் இருக்கும், அலகும் கிடையாது, காலும் கிடையாது. அப்பாவிடம் சொன்னபோது, “கால் இல்லாத வாத்துன்னுதான் சக்கரம் வச்சிருக்காங்க” என்றார்.

மறுபடியும் நான்தான், அம்மா. பார்த்தாயா, தனக்குத் தானே மகுடம் வைத்துக்கொண்ட ஒரு மனிதனின் பெயர் அது. அவன் வைத்துக்கொண்டால் வரலாறு, நாம் ஓட்டினால் பகட்டா? நம் தாத்தாவுக்கு டார்வர் என்ற பெயரே அவரை அடிமையாக வைத்திருந்தவன் போட்டது. பெயரைத் தானே தேர்ந்தெடுத்தவனை நான் குறை சொல்ல மாட்டேன், அவன் வண்டியில் சந்தோஷமாக ஏறிக்கொள்வேன். வெறும் பெயர் மட்டும் என்றும் நினைக்காதே. உன் அப்பாவுக்கு மிகவும் பிடித்த கதையை வெர்லீன்தான் கண்டுபிடித்துக் கொடுத்தாள். ஆரம்ப காலத்தில் மூன்று கேடிலாக்குகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், கடைசித் திருகாணி வரை பிரித்து, மூன்றின் உதிரிகளையும் ஒரே குவியலாகக் கலந்துவிட்டு, அந்தக் குவியலிலிருந்து திரும்ப மூன்று வண்டிகளைப் பூட்டினார்களாம். அரம் போட்டு ராவவில்லை, சுத்தியலால் தட்டிச் சேர்க்கவில்லை. மூன்றும் கிளம்பி ஐந்நூறு மைல் ஓடின. எந்த உதிரி எந்த வண்டியிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உன் அப்பா இருபது வருஷமாக வார்ப்படச் சாலையில் இரும்பு உருக்கி ஊற்றுகிறவர். இதைக் கேட்டுவிட்டு, “மனுசங்களையும் ஒருதரம் அப்படிக் கலந்து பூட்டிப் பாக்கணும், அப்பத் தெரியும் எது எங்கேந்து வந்ததுன்னு” என்றார். கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பி மனிதர்கள் மணிக்கட்டை முறித்துக்கொண்ட காலத்தில், பொத்தானை அழுத்தினால் தானே கிளம்புகிற வண்டியை முதலில் விற்றதும் இதே கம்பெனிதான். அதனால்தான் பெண்கள் தனியாக ஓட்ட முடிந்தது. அதனால்தான் நானும் ஓட்டுகிறேன்.

உன் எட்கர் மாமா காலத்தில் நம்மால் இதை நேராக வாங்கவும் முடியாது. அவர் பிணம் அடக்கம் செய்கிற தொழிலில் நன்றாகச் சம்பாதித்தவர், ஆனால் விற்பனைக் கூடத்தில் நம்மவர்களுக்குக் கேடிலாக்கைக் காட்டவே மாட்டார்கள். தெரிந்த வெள்ளைக்காரன் ஒருவனுக்குக் கூலி கொடுத்து, அவன் பெயரில் வாங்கச் சொல்லித்தான் நம் பெரிய மனிதர்கள் எடுப்பார்கள். மாமா அனுப்பிய ஆள் வாங்கின வண்டியை நேரே கொண்டுவரவில்லை, தன் மாமியார் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் வந்தான். “என்னய்யா, என் வண்டில நான் ஏற முந்தி உன் மாமியா ஏறிட்டாளா?” என்று மாமா கத்தினாராம். அவன் கொஞ்சமும் வெட்கப்படாமல், “கோச்சுக்காதீங்க எட்கர், இனிமே நான் எப்ப இதுல ஏறப்போறேன்” என்றானாம். இதை எல்லாரும் சிரிப்புக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு என்றுமே சிரிப்பு வந்ததில்லை. அதனால்தான் நான் விற்பனைக் கூடத்துக்கு முன்வாசல் வழியாகப் போய், என் கையெழுத்தைப் போட்டு, என் பெயரில் வாங்கினேன்.

இப்போது தொப்பிக்கு வருகிறேன். போன ஆகஸ்டில் ஜார்ஜியாவில் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது நடந்ததை உனக்கு நாங்கள் சொல்லவில்லை. ஒஹையோ ஆற்றைத் தாண்டித் தெற்கே நுழைந்ததும் நம்மவர்கள் எல்லோரும் செய்வதைப் போல உன் அப்பா ஸ்டீயரிங்கை வாங்கிக்கொண்டு டிரைவர் தொப்பியை மாட்டிக்கொண்டார். வண்டி வெள்ளைக்கார எஜமானுடையது என்று நினைத்தால் விட்டுவிடுவார்கள், சொந்த வண்டி என்றால் தொலைந்தோம். பருத்திக் காட்டு நடுவே ஷெரீப்பின் ஆள் ஒருவன் நிறுத்தினான். “யாரு வண்டிடா இது?” என்றான். “எங்க எஜமானியம்மாவோடதுங்க ஐயா, கொண்டாந்து விடச் சொன்னாங்க” என்றார் உன் அப்பா. “இவ யாரு?” என்றான். சமையல்காரி என்று நானே சொன்னேன். அவன் பின்னால் குனிந்து, மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த வெர்லீனிடம், “நீ சொல்லு பாப்பா, இது யாரு வண்டி?” என்றான். “எங்க அம்மாவோடதுங்க” என்றாள் இவள். உன் அப்பா உடனே சிரித்தார். “எங்க எஜமானியம்மா அவ்வளவு தங்கமானவங்க ஐயா, வேலைக்காரப் புள்ளைங்க எல்லாம் அவங்கள அம்மான்னுதான் கூப்பிடும்” என்றார். அவனும் சிரித்தான். போகும்போது வண்டியின் முகப்பைத் தடவிக்கொடுத்து, “உங்க அம்மாவுக்கு நல்ல ரசனைடா, வண்டியப் பத்திரமா கொண்டுபோய்ச் சேரு” என்று சொல்லி அனுப்பினான். ரசனைக்காரி அங்கேதான் சமையல்காரியாக உட்கார்ந்திருந்தாள். வெகுதூரம் போன பிறகு வெர்லீன் கேட்டாள், “நான் உண்மையத்தானே சொன்னேன், அதுக்கு ஏன் அப்பாவும் அந்த ஆளும் சிரிச்சாங்க?”

ஊர் திரும்பியதும் உன் அப்பா அந்தத் தொப்பியில் ஆணிகளைக் கொட்டிக் கொட்டகையில் வைத்துவிட்டார். பயத்துக்காக ஒரு பொய் சொல்லலாம், உயிர் பெரிது, அப்படிச் சொல்லித்தான் நம் ஜனம் பிழைத்திருக்கிறது, தொப்பி போட்ட யாரையும் நான் பழிக்க மாட்டேன். ஆனால் என் மகனின் கல்யாணத்துக்கு நான் யாருக்கோ சமையல்காரியாக வர மாட்டேன். நாங்கள் முட்டாள்தனமாகவும் வரப்போவதில்லை. பகலில் மட்டும் ஓட்டுவோம். டென்னசியில் நம் சபைக்காரர் வீட்டில் தங்குகிறோம், பெட்ரோல் எங்கே போடலாம், எங்கே நிற்கவே கூடாது என்று அவர் எழுதி அனுப்பியிருக்கிறார். கோழி வறுத்துச் காலி ஷூ அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொள்வேன், சோளரொட்டியும் வெண்ணெய்க் கேக்கும் உண்டு, வழியில் எந்தக் கடைக்காரனின் பின்கதவிலும் நிற்க வேண்டாம். நிறுத்திக் கேட்டால் மரியாதையாக, கையை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, என்னுடைய வண்டி என்று நானே சொல்வேன். உன் அப்பா, “அவன் நம்பலன்னா?” என்று கேட்டார். “நம்பாதது அவன் கஷ்டம், பேப்பர்ல என் பேர் இருக்கு” என்றேன். “சரிங்க எஜமானியம்மா” என்றார் கிழவர். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் என்னை முத்தமிடாமல் முத்தமிட்டது அந்த ஒரு தரம்தான். (இதை எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னாள். எழுதிவிட்டேன்.)

இமோஜின் நல்ல பெண், அவள் எனக்கு எழுதிய கடிதத்தில் எழுத்துப்பிழைகூட இல்லை என்று வெர்லீன் மெச்சுகிறாள். அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, மறைக்காதே. ராத்திரி விழித்துப் பரீட்சைத் தாள் திருத்தாதே, காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போ. உன் அப்பாவின் நல்ல டையை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன், நீ புதிதாக வாங்காதே.

இனி நான் கேட்பது ஒன்றே ஒன்று. கல்யாணத்தன்று நாங்கள் ஆலயத்து வாசலில் வந்து நிற்கும்போது பாதிரியார் கெய்தர் படியில் நிற்பார், அவர் சபை முழுதும் நிற்கும். நீ உள்ளே மறைந்து நிற்காமல் இறங்கி வா. டிரைவர் பக்கத்துக் கதவை நீயே திற. எல்லார் காதிலும் விழுகிற மாதிரி என்னை அம்மா என்று கூப்பிடு. உன்னால் அது ஆகாது என்றால் இப்போதே இரண்டு வரி எழுதிவிடு, நாங்கள் இங்கிருந்தே உங்களுக்காக ஜெபித்துக்கொள்கிறோம். எனக்குக் கோபம் இருக்கும், ஆசீர்வாதம் அதைவிடப் பெரிதாக இருக்கும், ஆனால் வண்டியைத் தெருக்கோடியில் ஒளித்துவிட்டு நடந்து வர மாட்டேன். கர்த்தர் உன்னையும் உன் மணப்பெண்ணையும் காக்கட்டும், உங்கள் வாசல் எந்நாளும் திறந்திருக்கட்டும், நீங்கள் ஒருநாளும் யாருக்காகவும் குனிந்து நுழைய வேண்டாம். பதிலைச் சீக்கிரம் போடு, வெள்ளிக்கிழமை டயர் மாற்றக் கொடுக்கிறேன்.

உன்னைப் பெற்றவளும், வண்டியின் சொந்தக்காரியுமான
ஒடெஸ்ஸா டார்வர்