மயக்கத்துக்கும் மார்க் உண்டு

என் உயிரான காசிம் அண்ணனுக்கு,

உன் மச்சான் வீடு வந்துவிட்டார். முதலில் இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். வலது கை கொஞ்சம் தடுமாறுகிறது. மற்றபடி, இன்று காலை சட்னியில் காரம் போதாது என்று என்னோடு சண்டை போட்டார். அடுப்படியில் நின்று சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

போன மாதம் மாமல்லபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தவர், திருக்கழுக்குன்றம் தாண்டி, குறுக்கே வந்த மாட்டுக்குப் பிரேக் போட்டு விழுந்தார். இடது காதுக்கு மேலே அடி. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது பேசிக்கொண்டுதான் இருந்தார். "ஒண்ணும் இல்ல, வூட்டுக்குப் போலாம்" என்றார்.

அண்ணே, நீ லாரியிலிருந்து விழுந்த அன்றும் இதையேதான் சொன்னாய். அசதியில் தூங்குகிறாய் என்று எல்லோரும் நினைத்தோம். நீ எழுந்திருக்கவே இல்லை.

அங்கே ஓர் இளம் டாக்டரம்மா. கண்ணைத் திறக்கிறாரா என்று பார்த்தார், பேர் கேட்டார், கையைத் தூக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டினார்; பதினைந்துக்குப் பதினாலு. கொஞ்ச நேரத்தில் வந்து மறுபடியும் அதையே செய்தார். எனக்கு எரிச்சல்.

"இன்னா டாக்டரம்மா, பரீட்சையா வெக்கிறீங்க? மனுசன் படுக்கட்டுமே."

"மயக்கம்னு மொட்டையா எழுதி வெச்சா, லேசான அடியா மோசமான அடியான்னு எப்பிடிம்மா தெரியும்? மார்க் கொறையுதான்னு பாக்கணும். கொறைஞ்சா உள்ள ரத்தம் கட்டுதோன்னு சந்தேகம். உடனே மெட்ராஸ் அனுப்பணும்."

அடுத்த முறை, கிள்ளினால்தான் கண் திறந்தார். பேர் கேட்டால் முனகல். பதினாலு ஒன்பதாகிவிட்டது. டாக்டரம்மா மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டு அந்த மார்க்கைச் சொன்னார். அவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வண்டி போய்ச் சேர்ந்ததுமே உள்ளே கொண்டுபோய், கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள்.

பிறகு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது உன்னைப் பற்றிச் சொன்னேன். "அப்போல்லாம் யாரும் இப்பிடிப் பிரிச்சுப் பாக்கலம்மா. வூட்ல இருந்தவங்களுக்கு எப்பிடித் தெரியும்? உங்கம்மா கிட்ட சொல்லுங்க" என்றார். சொன்னேன். உன்னைத் தூங்கவிட்டது தன் தப்பென்றே இருந்த அம்மா, இத்தனை வருஷத்துக்குப் பிறகு உன் பேரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள். அப்புறம் வயிறாரச் சாப்பிட்டாள்.

உனக்கு வலித்ததா, அண்ணே? அதை நான் யாரிடம் கேட்பது?

பெருநாள் அன்று உன் மச்சான் தன் காலாலேயே நடந்து வந்து, நீ அடங்கியிருக்கும் கபரருகே நின்று ஃபாத்திஹா ஓதுவார். பெண்கள் உள்ளே வருவதில்லையே, நான் கேட் ஓரம் நிற்பேன். அவரைக் கூட்டிவருவது என் பொறுப்பு.

உன் ஒரே தங்கை,
மைமூன்