ஜாடியில் இருந்த வேர்

9 ஜூலை 2005, சனி

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. துபாய் அல் கூஸில் எங்கள் மூலிகைச் சோதனை லேபில் ஏ.சி. மறுபடி படுத்துவிட்டது. சொன்னால், நாளைக்கு என்கிறார்கள். எந்த நாளைக்கோ.

சாகுல் காக்காவின் புது லாட் சோதனைக்கு வந்திருக்கிறது. கீழக்கரைக்காரர், தேராவில் சீன மூலிகைக் கடை. இது முட்டிவலிக்கான ஃபாங் ஜி வேர். இந்த ஒரே பெயரில் இரண்டு வேர்கள் விற்கின்றன. ஒன்று மருந்து, மற்றது சிறுநீரகத்தைத் தின்னும் விஷம். நறுக்கிக் காயவைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கோடவுனுக்கு நானே போய்ச் சாம்பிள் எடுக்கிறேன் என்றால் மேனேஜர் வண்டி இல்லை என்கிறார். வண்டி அவர் மச்சானோடு ஏர்போர்ட் போயிருக்கிறது. காக்கா அனுப்பிய சாம்பிளே போதுமாம்.

10 ஜூலை, ஞாயிறு

ஏ.சி. இன்னும் இல்லை. கராமா கடையில் தயிர், வெங்காயம், என் வீட்டுக்காரருக்கு இருமல் மருந்து வாங்கினேன்.

காக்காவின் வேரையும், அசல் என்று நாங்கள் ஜாடியில் வைத்திருக்கும் வேரையும் சாறு எடுத்து, அதிலுள்ளதைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் ஒரே பிளேட்டில் ஓட்டிப் பார்த்தேன். புள்ளிக்குப் புள்ளி பொருத்தம். போன லாட்டும் இப்படித்தான். அதுதான் உறுத்துகிறது. செடி என்ன அச்சில் வார்த்ததா, கொஞ்சமாவது மாறாதா?

மாதக்கணக்கில் கெஞ்சியதற்கு, அந்த விஷத்தின் சுத்தத் தூள் இன்று ஒருவழியாக வந்தது. இனி நேரடியாகவே பார்த்துவிடலாம்.

12 ஜூலை, செவ்வாய்

மூன்றையும் சேர்த்து ஓட்டினேன். காக்காவின் வேரில் விஷப் புள்ளி. சரி, கெட்ட லாட். ஆனால் ஜாடி வேரிலும் அதே புள்ளி. இரண்டாம் முறை ஓட்டினேன். அதே.

மேனேஜரிடம் ஓடினேன். மனிதர் கூச்சமே இல்லாமல் சொன்னார்: "போன வருசம் நீங்க லீவுல போனப்ப ஜாடி காலிங்க. காக்கா லாட் டெஸ்டுக்கு வந்துது, அதுலயே கொஞ்சம் எடுத்து ரொப்பிட்டேன். நல்ல மனுசன் சரக்குதானுங்களே."

அதாவது காக்காவின் வேரைக் காக்காவின் வேரோடேயே ஒப்பிட்டுப் பாஸ். அன்றிலிருந்து எல்லாம் பாஸ். நான் திரும்பி வந்தபின் வந்த லாட்டுகளில் என் கையெழுத்து.

புதியதற்கு மட்டும் ஃபெயில் போடச் சொல்கிறார். பழையது விற்றுத் தீர்ந்ததாம், கலாஸ், முடிந்த கதையாம். குடித்தவர்கள்? டீ சொல்லட்டுமா என்கிறார்.

13 ஜூலை, புதன்

மேனேஜரைக் கேட்காமல் காக்காவுக்கு ஃபோன் செய்தேன். என் விசா மேனேஜர் கையில். தெரிந்தேதான் செய்தேன்.

விற்றதைத் திரும்ப வாங்குங்கள், குடித்தவர்கள் உடனே நிறுத்தி ரத்தம் சோதிக்க வேண்டும் என்றேன். நஷ்டம் என்று கத்துவார் என எதிர்பார்த்தேன். நன்றாகக் கொதிக்கவைத்தால் விஷம் போய்விடுமா என்று கேட்டார். போகாது என்றேன்.

பிறகு, "ஊர்ல எங்க வீட்லயும் அதத்தாம்மா குடிக்கிறா. மொத லாட்லேர்ந்து. என் வாயால எப்படிச் சொல்லுவேன்?" என்றார்.

நான் சொல்கிறேன் என்று நம்பர் வாங்கினேன். அவர் மனைவியே எடுத்தார். துபாய் லேபிலிருந்து என்றதும் குரல் மலர்ந்துவிட்டது.

"மச்சான் சொல்லியிருக்காக. நீதானம்மா அந்தக் கையெழுத்துப் போடுற புள்ள? அல்லா ஒன்ன நல்லா வக்கணும். இப்பல்லாம் மாடிப்படி ஏறிடுறேன்."

அதற்குப் பிறகுதான் சொன்னேன்.