ரெண்டு ப்ராசசர் எனக்குக் கட்டுப்படியாகுமா?

மார்ச் 3, செவ்வாய்

பதினோரு வருடமாகச் சமையலறை அலமாரிகளுக்குப் படம் வரைகிறேன். இன்றும் அலுவலகத்தில் நாள் முழுக்க இழுப்பறைக் கைப்பிடிதான். மதியம் அந்தப் போன் வந்தது. போன வருடம் ஒரு வேலையில் பழக்கமான கட்டிடக் கலைஞர் அம்மா. ஒரு நூலகத்தை வடிவமைக்கும் போட்டியில் கலந்துகொள்கிறாராம். இன்னும் கட்டாத அந்த நூலகத்துக்குள் நடந்து போவதுபோல இரண்டு நிமிடப் படம் வேண்டுமாம்.

"உங்க ஆபீஸைக் கேக்கலம்மா, உங்களைத்தான் கேக்குறேன். முப்பதாம் தேதிக்குள்ள முடியுமா?"

முடியும் என்றேன். மூளையைக் கேட்காமல் வாய் முந்திக்கொண்டது.

மார்ச் 4, புதன்

கணக்குப் போட்டேன். நொடிக்கு இருபத்தைந்து படம் என்றால் இரண்டு நிமிடத்துக்கு மூவாயிரம். என் மடிக்கணினி ஒரு படத்தை வெளிச்சம், நிழலோடு வரைந்து முடிக்க இருபத்தைந்து நிமிடம் எடுக்கிறது. ஆக, ஐம்பத்திரண்டு நாள். கையில் இருப்பதோ இருபத்தாறு.

இல்லை என்று சொல்லிவிடலாமா? ம்ஹூம். சொல்ல மாட்டேன்.

மார்ச் 5, வியாழன்

ஒரு யோசனை! பெரிய நிறுவனங்கள் கழித்துக்கட்டும் சர்வர் கணினிகளில் ஒரே போர்டில் இரண்டு ப்ராசசர், அதாவது இரண்டு மூளை, இருக்குமாம். பழையது என்பதால் அடிமாட்டு விலை. மத்தியானச் சாப்பாட்டை மறந்து அதையே படித்துக்கொண்டிருந்தேன். புது வாஷிங் மெஷினுக்கு என்று எடுத்து வைத்த பணத்துக்குள் அடங்கிவிடும் போலிருக்கிறது. ஆனால் வீட்டில் துணி துவைப்பது நாத்தனார், கணவரின் அக்கா; நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர். அண்ணியிடம் யார் போய்ச் சொல்வது?

மார்ச் 7, சனி

பழைய பாகங்கள் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற மனிதர். ஆனால் தொழிலில் புலி. "ரெண்டு ப்ராசசர்னா ரெட்டை வேகம்தானே?" என்றேன். சிரித்தார்.

"அடுப்பு ரெண்டா இருந்தா ஒரே பானை சீக்கிரம் வெந்துடுமா? ரெண்டு பானை இருந்தாத்தான் லாபம். உங்க வேலை எத்தனை பானை?"

மூவாயிரம் பானை என்றேன்! "அப்ப உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் பென்டிரைவில் கொண்டுபோன நூலகக் கூடத்தின் மாதிரியை மூன்று இயந்திரங்களில் ஓட்டினோம். பழைய ப்ராசசர் ஒன்று மட்டும் இருந்தால் ஒரு படத்துக்கு ஒன்பது நிமிடம். அதே ப்ராசசர் இரண்டு சேர்ந்தால் நாலரை. புத்தம் புதிய ஒற்றை ப்ராசசருக்கு ஆறு நிமிடம், விலையோ இரண்டு பங்கு.

குறையையும் அவரே சொன்னார். கரண்டு இழுக்கும், சத்தம் போடும், கொதிக்கும். உட்கார்ந்து வரையும் வேலைக்கு இது மந்தம்தான், அது ஒற்றைப் பானை. அதனால் என்ன? வரைவதை மடிக்கணினியில் வரைவேன், வேகவைப்பதை இதில் வைப்பேன்.

பேருந்தில் வரும்போது தனியாகச் சிரித்திருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார்.

மார்ச் 8, ஞாயிறு

வீட்டில் பஞ்சாயத்து. கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், பகலில் தூங்குகிறவர். சத்தத்துக்கு அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று பயந்தேன். "ராத்திரி பூரா சைரனுக்குக் கீழ உக்காந்திருக்கேன். இது என்னம்மா சத்தம்?" என்றார்.

அண்ணி தையல் இயந்திரத்தை நிறுத்தினார், நூலைக் கடித்தார்.

"இந்த வேலை நல்லா வந்தா அந்த ஆபீஸை விட்டுடுவியா?"

தெரியல அண்ணி, ஆனா விடணும்னு ஆசை, என்றேன்.

"அப்ப வாங்கு. பதினோரு வருஷமா நீ மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வர்றதப் பாத்தாச்சு. துணிக்கு என் கை இருக்கு."

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். கண் கலங்கியதை அவர் பார்த்தால் கிண்டல் செய்வார்.

மார்ச் 9, திங்கள்

வாங்கியாச்சு, வாங்கியாச்சு, வாங்கியாச்சு!

மார்ச் 14, சனி

பாவி நான். பாகமாக வாங்கி வந்ததை வீட்டில் நானே பூட்டினேன். இரண்டாவது ப்ராசசரைப் பொருத்தும்போது கை நழுவி, அது உட்கார வேண்டிய சாக்கெட்டுக்குள் குறுக்காக விழுந்தது. முடியைவிட மெல்லிய ஊசிகள், ஆயிரக்கணக்கில். அதில் மூன்று சாய்ந்துவிட்டன. இயந்திரம் உயிர்பெறுகிறது, ஆனால் ஒரு ப்ராசசரைத்தான் காட்டுகிறது. ஒன்று என்றால் பத்தொன்பது நாள் ஓட வேண்டும். இருப்பது பதினாறு.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். வேறு போர்டு வர மூணு வாரம் ஆகுமாம். ஐயோ, எல்லாம் என் அவசரபுத்தி! அண்ணி கையால துவைக்கிறாங்க, நான் இங்க பணத்த ஒடைச்சுப் போட்டிருக்கேன்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் அண்ணி கேட்டார்: "எதும்மா வளைஞ்சிருக்கு? காட்டு."

பூதக்கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மணி கோர்க்கும் ஊசியை எடுத்தார். நான் டார்ச் பிடித்தேன். கணவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு மூச்சுகூட விடாமல் நின்றார்.

"இதென்ன பிரமாதம், கல்யாண ரவிக்கையில இதவிடச் சின்ன வேலை பாத்திருக்கேன்" என்றார். சாய்ந்த ஊசிகளை ஒன்றொன்றாக நிமிர்த்த முக்கால் மணி நேரம். பிறகு ப்ராசசரை வைக்க என் கையை விடவில்லை, தானே வைத்தார்.

திரையில் இரண்டு என்று வந்தது. இரண்டு! அண்ணியைக் கட்டிப்பிடித்தேன். "விடுடி, ஊசி குத்தும்" என்றார்.

மார்ச் 18, புதன்

நூலகம் வரைந்து முடிந்தது. இன்று காலை ஓடவிட்டேன். முன்னறை பூராவும் விமானம் கிளம்புகிற இரைச்சல். கணவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார்.

மார்ச் 22, ஞாயிறு

ஆயிரத்து முந்நூறு படம். அண்ணி துவைத்த துணியை எல்லாம் இயந்திரத்தின் பின்னால் காயப்போட்டிருக்கிறார். "சூடு வீணாப் போகுதே!"

மார்ச் 28, சனி

மூவாயிரம். முதல்முறை முழுதாக ஓட்டிப் பார்த்தோம். கதவு திறக்கிறது, படி ஏறுகிறோம், ஜன்னல் வெயில் வாசிப்பு மேசையில் விழுகிறது. கணவர் "இது எங்க இருக்கு, போய்ப் பாக்கலாமா?" என்றார். இன்னும் எங்கேயும் இல்லைங்க என்றேன். எனக்கே நம்ப முடியவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

போட்டியில் எங்கள் நூலகம் வெல்லவில்லை. இரண்டாம் இடம். கட்டிடக் கலைஞர் அம்மாவைவிட எனக்குத்தான் அழுகை வந்தது போல. அவர் என்னைத் தேற்றிவிட்டு, "ஜெயிச்சவங்களே உங்க நம்பர் கேட்டாங்க. குடுக்கட்டுமா?" என்றார்.

மே 4, திங்கள்

காலை பத்து மணி, பழைய ஆபீஸாக இருந்தால் இழுப்பறைக் கைப்பிடி வரைகிற நேரம். அண்ணியின் தையல் இயந்திரம் ஒரு பக்கம், என்னுடையது ஒரு பக்கம். சத்தத்தில் போன் அடித்ததே எனக்குக் கேட்கவில்லை. அண்ணிதான் எடுத்தார்.

"ஆமாங்க, ஆபீஸ்தான். மேடம் வேலையா இருக்காங்க, ஒரு நிமிஷம் இருங்க."