சாம்பல் குளத்தின் மேல்தோல்

11 நவ., செவ்வாய். மேகமூட்டம்.

வீட்டில் சொல்லாதது: அண்ணன் தினமும் எந்த வழியாக வேலைக்குப் போகிறான் என்பது.

மந்தாரக்குப்பத்தில் நான் எடுக்கும் மாலை ஆங்கில வகுப்பு. இன்றைய மரபுத்தொடர் ‘ஆன் தின் ஐஸ்’, ஆபத்தின் விளிம்பில் இருப்பது. உறைந்த ஏரி, மெல்லிய பனித்தகடு, அதன்மேல் ஓர் ஆள், எப்போது உடையும் என்று தெரியாது. எல்லோரும் விழித்தார்கள். இங்கே யார் ஏரி உறைந்து பார்த்தது. அண்ணனோடு அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் சேகர்தான் பிடித்துக்கொண்டான்.

“நம்ம சாம்பக் கொளந்தான் டீச்சர், பிளாண்ட்டு சாம்பலத் தண்ணில கரச்சி உடற எடம். மேல காஞ்சி தரை மாதிரி இருக்கும். கீழ பூராக் கூழு. கரைய சுத்தினா அரை மணி ஆவும்னு குறுக்கால நடந்துகினு பூடுவோம். ஒங்க அண்ணன்தான் முன்னாடி. கழியால குத்திப் பாத்துகினே போவாரு.”

சிரித்தார்கள். நானும்.

12, புதன். தூறல்.

ரேஷன் சர்க்கரை. அம்மாவின் முட்டிவலித் தைலம். நூலகப் புத்தகம் 2, தவணை முடிந்தது.

அண்ணனிடம் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே, “ரெண்டு வருஷமா நடக்கறேன். நீ புஸ்தகத்தப் படிச்சிட்டு என்ன பயமுறுத்தாத.”

“மழை பெஞ்சா ஊறிடாதாண்ணா?”

“அம்மாகிட்ட மூச்சு விட்டுடாத.”

அகராதியில் அந்தத் தொடரை மறுபடி பார்த்தேன். இப்போதெல்லாம் வேலை போகிற நிலையில் இருப்பவர்களிடம்தான் அதிகம் சொல்கிறார்களாம். சொல்பவர் எப்போதும் கரையில் நிற்பவர்.

13, வியாழன். விடியற்காலையிலிருந்து விடாத மழை.

ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தேன். வாசல், அடுப்படி, வாசல். பதினொரு மணிக்கு அவர்களுடைய சூப்பர்வைசருக்கு போன்: குளத்தின் குறுக்கே நடக்கிறார்கள், தடுத்துவிடுங்கள். பெயர் எதுவும் சொல்வதாக இல்லை.

“யாரும்மா முன்னாடி கூட்டிட்டுப் போறது?” என்றார்.

சொல்லிவிட்டேன்.

14, வெள்ளி. நல்ல வெயில். துணி காய்ந்தது.

அண்ணனின் கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இனி வர வேண்டாமாம். சேகருக்கும் மற்றவர்களுக்கும் எச்சரிக்கை மட்டும்.

“எவனோ வயித்தெரிச்சல்ல போட்டுக் குடுத்திருக்கான்” என்றாள் அம்மா. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அண்ணன் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

20, வியாழன். மறுபடி மழை.

அண்ணன் வடலூரில் ஒரு அரிசிக் கடையில் மூட்டை இறக்குகிறான். என்னோடு பேச்சு இல்லை. சாப்பாடு வேண்டுமென்றால் அம்மாவைக் கூப்பிடுகிறான்.

குளத்தில் இப்போதும் குறுக்கேதான் போகிறார்கள். சேகர் முன்னால். கழி அண்ணனுடையது. இதுவரை யாரும் விழவில்லை.