பார்க்க மட்டும் அனுமதி

9, திங்கள்

விடாத மழை. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறுவதற்குள் பாதி நனைந்தாச்சு. குடைக்கம்பி சரி செய்யணும்.

கிளையண்ட் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களெல்லாம் போய்வரும் ஸ்டோரேஜ் சுவிட்சிலிருந்து காலையிலேயே பதினாலு அலர்ட். எல்லாம் கேபிள் சொருகிய ஒரே போர்ட். கேபிள் மாற்றணும். இந்த வாரத்துக்குள்.

சுபா மறுபடியும் கேட்டாள். நாகர்கோவில்காரி, என் கீழே ஒப்பந்த வேலை. "எனக்குப் பாக்கதுக்கு மட்டும்தானே பெர்மிஷன் இருக்கு சார். போர்ட் மக்கர் பண்ணுனா அடைக்கக்கூட முடியாது. நீங்க இல்லாத நேரம் நான் என்ன செய்ய?"

நான் எங்கே போகப்போறேன் என்றேன். சிரிப்பு வேறு. இது மூன்றாவது தடவை. எனக்கு மட்டும் தெரிந்த வேலை என்று ஒன்று இருக்கட்டுமே.

11, புதன்

என் நட்சத்திரப் பிறந்தநாள். லீவு. ராஜியின் கட்டளை: "இன்னிக்காவது அந்த ஃபோனைத் தூர வையுங்கோ." கோயில் கவுண்டரில் ஃபோனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். நல்ல கூட்டம். வெளியே வர ஒன்றரை மணி நேரம்.

சுபாவிடமிருந்து பதினேழு மிஸ்டு கால்.

அதே போர்ட். விட்டு விட்டு வேலை செய்து எல்லாவற்றையும் முடக்கியிருக்கிறது. அடைத்திருந்தால் மொத்தமும் மாற்று வழியில் போயிருக்கும். கிளையண்ட் ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்கேன் படமும் திறக்கவில்லை. ஓ.பி. முழுக்கக் காத்துக் கிடந்ததாம். மழையில் நனைந்த வேட்டியோடு வீட்டுக்கு ஓடி, லேப்டாப் திறந்து, ஒரு கட்டளையில் போர்ட்டை அடைத்தேன். அரை நிமிஷ வேலை.

12, வியாழன்

மலையாளி மேனேஜர் ரிப்போர்ட் கேட்டார். 'பணியில் இருந்தவர் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று எழுதினேன். பொய் இல்லை. பொய்தான். அவளால் முடியாதபடி வைத்திருந்தவன் நான்.

நேற்றைய பாயசம் மீதி. தொடவில்லை. ராஜியிடம் அசிடிட்டி என்று சொல்லிவிட்டேன்.

13, வெள்ளி

சுபாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்களாம். பதறிப்போய், யார் எப்போது என்ன செய்தார்கள் என்று சுவிட்ச் எழுதி வைக்கும் லாகை எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன். புதனன்று ஆறு தடவை போர்ட்டை அடைக்கப் பார்த்திருக்கிறாள். ஆறு தடவையும் 'அனுமதி இல்லை'. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

மதியம் கூப்பிட்டார். "பெர்மிஷன் இல்லாத ஆளு ஆறு தடவை உள்ளே கை வைக்கப் பாத்திருக்கு, அல்லே? இது செக்யூரிட்டி கேஸாக்கும்."

"அவ எங்கிட்ட மூணு தடவை கேட்டா சார். நான்தான் கொடுக்கலை."

"எழுத்தில உண்டோ?"

இல்லை. கேட்டதெல்லாம் வாய்ப்பேச்சு. இரண்டு தடவை டீ குடிக்கும்போது.

"பின்னே விடு."

விட்டேன். கத்தியிருக்கணும். என் ரிப்போர்ட் தப்பு என்று அங்கேயே சொல்லியிருக்கணும். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். என்னை நினைத்தால் எனக்கே வெறுப்பு.

16, திங்கள்

மழை இல்லை. புழுக்கம்.

செய்தவை: புது கேபிள். சுபாவின் அக்கவுண்ட் நீக்கம். புதிதாக வந்தவருக்கு முழு அனுமதி, மேனேஜர் உத்தரவு. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

நாலு மணிக்கு ஐ.டி. கார்டைக் கொடுக்க வந்தாள். சாப்பாட்டு டப்பா, ஒரு ஸ்வெட்டர், அவ்வளவுதான் சாமான். என் மேஜைப் பக்கம் குனிந்து, மெதுவாக:

"உங்க ஃபோன் கிடைக்கலைன்னு விசாரணையில நான் சொல்லல்ல சார். பொறந்தநாளும் அதுவுமா கோயிலுக்குப் போயிருந்தீங்க, பாவம்."

ரிப்போர்ட் எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.