கடிகாரத்துக்கு முன் வைத்த அலாரம்

திங்கட்கிழமை காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. பெறுநர் வரிசையில் என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயர் இருந்தது. கையிலிருந்த காப்பியை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

அனுப்பியவர் ஏதோ ஒரு குளிர்நாட்டுக்காரர், நம் இருவருக்கும் முன்பின் தெரியாதவர். அவர் உன்னைத் தேடிப் பிடித்துப் போடவில்லை. கணினியின் வன்பொருளையெல்லாம் கட்டி மேய்க்கும் கெர்னலில் யார் எந்தக் கோப்பைத் திருத்தினாலும், முன்பு அதில் கைவைத்தவர்களின் முகவரிகளை ஒரு சின்ன நிரல் தானாகவே எடுத்துக் கொடுக்குமே, அது செய்த வேலை. போன வருஷம் நீ எங்களை விட்டுப் போனது அதற்கு எப்படித் தெரியும்? திருத்தத்தைத் திறந்து பார்த்தேன். நீ எழுதிய வரிகள் இனித் தேவையில்லை, எடுத்துவிடலாம் என்கிறார் அந்த மனிதர். கடைசியில், எழுதியவரும் ஒப்புக்கொண்டால் மகிழ்ச்சி என்று மரியாதையாக ஒரு வரி. உன்னுடைய மற்றத் திருத்தங்கள் எல்லாம் காலப்போக்கில் மாறிக் கலைந்து வேறு யார் யாரோ எழுதியவை ஆகிவிட்டன. உன் பெயரில் மிச்சமிருப்பவை அந்த வரிகள் மட்டும்தான்டி.

மலேசியாவில் மூவார் ஊரிலுள்ள எங்கள் வீட்டுக்கு நீ முதல்முறை வந்தபோது அம்மா கேட்டார், "ரெண்டு பேரும் அப்படி என்னதாம்மா வேல பாக்குறீங்க?" நீ வாய் நிறைய பலகாரத்தோடு சொன்னாய்: "கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் ஓடுதும்மா. தான் உள்ள இருக்கறதே அதுக்குத் தெரியாது. ப்ராசசர்கிட்ட கேக்கறதா நெனச்சி ஒன்னொன்னா கேக்கும். அங்க ப்ராசசரே கிடையாது. நாங்க எழுதி வச்சதுதான் பதில் சொல்லும்." அம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்ப, பொய் சொல்றதுக்கா சம்பளம் தராங்க?"

"ஆமாம்மா, மாட்டிக்காம சொல்றதுக்கு."

அம்மா சிரித்த சிரிப்பில், பின்னால் பட்டறையில் நாற்காலிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ரெஜிஸ்டர் என்பது ப்ராசசருக்குள் ஓர் எண் தங்கும் சின்னஞ்சிறு இடம். நீ சொன்ன அந்த உள்கணினிக்கு, அதாவது மெய்நிகர் இயந்திரத்துக்கு, அந்த இடங்களில் பல கிடையவே கிடையாது. மணி என்ன என்று அது ஒரு ரெஜிஸ்டரைப் படிக்கும். நாம் கணக்குப் போட்டு வைத்த எண் போகும். இன்ன நேரத்தில் என்னை எழுப்பு என்று இன்னொன்றில் எழுதும், நாம் எழுப்புவோம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கணினியிலிருந்து தூக்கி வேறொரு கணினியில் வைப்போம். அதற்குள் யாரோ ஒருவருடைய மருந்துச்சீட்டும் யாரோ ஒரு பிள்ளையின் தேர்வு முடிவும் இருக்கும். தூக்கி வைத்தது அதற்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு இது பழகிப்போகவில்லை. நினைத்தால் இப்போதும் மெய்சிலிர்க்கிறது. "வாயப் பொளந்தது போதும், அடுத்த வரியப் படி" என்று நீ அதட்டுவாய். அதட்டுகிற உன் கண்ணும் விரிந்துதான் இருக்கும்.

அந்த வரிகள் பிறந்தது ஜொகூர் பாலத்து நெரிசலில். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் காலை பஸ் பாலத்தில் ஊர்ந்த நேரத்திலேயே நாம் எத்தனை திருத்தங்களைப் படித்து முடித்திருப்போம்! நிரலை அச்சடித்துக்கொண்டு வந்து என் மடியில் போடுவாய். "நீ ப்ராசசர். நான் கெஸ்ட்" என்று கண்ணை மூடிக்கொள்வாய். கெஸ்ட் என்றால் உள்ளே ஓடும் இயந்திரம். வெளியே நடப்பது அதற்குத் தெரியாது, அதனால் உனக்கும் தெரியக் கூடாது. நீ கேட்பாய், நான் தாளில் உள்ளபடி மட்டும் பதில் சொல்ல வேண்டும். என் புத்தியைக் கொஞ்சம் கலந்தாலும் பிடித்துவிடுவாய். "அது நீ சொல்ற பதில். கோட் என்னா சொல்லுது?" பக்கத்து இருக்கைக்காரர்கள் நம்மைப் பைத்தியங்கள் என்றே முடிவுகட்டியிருந்தார்கள்.

அன்று கையில் இருந்தது, இயந்திரத்தை இடம்மாற்றிய பிறகு ரெஜிஸ்டர்களைத் திரும்ப நிரப்பும் பகுதி. பெரிய பெரிய ஆட்கள் படித்துச் சரி சொல்லிவிட்ட நிரல். நீ கண்ணை மூடியபடி, "எனக்கு இப்ப மணி ஆயிரம். ஆயிரத்து அஞ்சுக்கு எழுப்பு" என்றாய். உன்னை வேறு கணினிக்குத் தூக்கியாயிற்று என்று சொல்லிவிட்டு, தாளில் இருந்த வரிசைப்படி முதலில் அலாரத்தை வைத்தேன், பிறகு கடிகாரத்தை வைத்தேன். பஸ் அக்கரைச் சோதனைச்சாவடியில் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். நீ அசையவில்லை.

"எறங்குடி!"

"நீ இன்னும் எழுப்பலையே."

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "அக்கா, எறங்குங்க லா. பின்னால எத்தன பஸ் நிக்கிது பாருங்க."

"அலாரம் அடிக்கலண்ணே, நான் எப்படி எந்திரிக்கிறது?" கண்ணைத் திறக்காமலே சொன்னாய். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு தாளைப் பார்த்தேன். புதுக் கணினியில் உன் கடிகாரம் சுழியத்தில் நிற்கிறது. அப்போது போய் ஆயிரத்து ஐந்துக்கு அலாரம் வைத்தால், அதற்கு இன்னும் ஆயிரத்து ஐந்து போக வேண்டும் என்று அது எண்ணத் தொடங்கிவிடும். பிறகு கடிகாரத்தை ஆயிரத்துக்கு நகர்த்தினாலும் அலாரம் பழைய கணக்கிலேயே கிடக்கும். என் வாயிலிருந்து ஐயையோ என்பதுபோல் "அலமாக்!" என்று மலாயில் வந்த பிறகுதான் நீ கண்ணைத் திறந்தாய். இடம்மாறிய இயந்திரங்கள் காரணமே இல்லாமல் உறங்கிப்போகின்றன என்று எங்கெங்கிருந்தோ புகார் வந்துகொண்டிருந்தது. அத்தனைக்கும் காரணம் இதுதான். கடப்பிதழில் முத்திரை குத்தும் வரிசையில் நின்றபடியே தாளின் பின்பக்கம் எழுதினாய்: கடிகாரம் வரும்வரை அலாரத்தைப் பிடித்து வை. சிறிய வரிகள்தான். எனக்கு உன்னைப் பார்க்கவே பிரமிப்பாக இருந்தது. ஓர் இயந்திரமாகவே இருந்து பார்க்க ஒருத்திக்கு எப்படி முடிகிறது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

உன் ஊரான ரெங்கத்தில் உன் காரியம் முடிந்த அன்று, தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் உன் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவ செஞ்சது எங்கம்மா இருக்கு? பாக்க முடியுமா?" கைப்பேசியில் அந்த வரிகளையும் அவற்றுக்கு மேலே உன் பெயரையும் காட்டினேன். "இது இப்பவும் ஓடுதா?" ஓடுதுண்ணே, நிறைய நாட்டில் ஓடுது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதனால்தான் இந்தத் திருத்தத்தைத் தப்பு கண்டுபிடிக்கும் வெறியோடு படித்தேன். ஒரே ஒரு ஓட்டை கிடைத்தால் போதும், உன் வரிகள் தப்பிக்கும். இரண்டு நாள் துருவினேன். கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் தாளை மடியில் வைத்துக்கொண்டு நானே கெஸ்டாகவும் நானே ப்ராசசராகவும் இருந்து பார்த்தேன். அவர் செய்திருப்பது இதுதான்: கடிகாரத்தை யார் எப்போது மாற்றினாலும் அலாரத்தின் கணக்கைப் புதிதாகப் போட்டுவிடுகிறார். எது முன்னே வந்தாலும் கவலையில்லை. இடம்மாறும் வழியிலேயே எழுப்ப வேண்டிய நேரம் கடந்துவிட்டால்? உடனே எழுப்புகிறது. எழுப்பச் சொல்லாதவரை? சும்மா இருக்கிறது. என்ன கேட்டாலும் சரியான பதில். நாம் வரிசையைச் சரிசெய்தோம். வரிசையே வேண்டியதில்லை என்று நம் இரண்டு மண்டைக்கும் தோன்றவில்லை பார். முகம் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்கு எரிச்சலாக இருந்தது. அதைவிட அதிகமாக ஆச்சரியமாக இருந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்து, "எப்படிடி யோசிச்சான் இவன்!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தியிருப்பாய்.

இன்று பதில் எழுதினேன். திருத்தம் சரியாக இருக்கிறது, படித்துப் பார்த்தவள் என்று என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். அந்த வரிகளை எழுதியவர் காலமாகிவிட்டார், ஆகவே ஒப்புக்கொண்டவர்கள் வரிசையில் அவர் பெயரைப் போட வேண்டாம் என்றும் எழுதினேன். தானே படித்துத் தானே சரி என்று சொல்லாத ஒருவரின் பெயரை நம் தொழிலில் யாரும் போடக் கூடாது. நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும்; தெரிந்தும் உனக்காக நான் சொல்லக் கூடாது. காலமாகிவிட்டார் என்று உன்னைப் பற்றி எழுதியது இதுதான் முதல்முறை. அனுப்பிவிட்டு அலுவலகக் கழிப்பறையில் போய் அழுதேன். இந்த வாரக் கடைசியில் ரெங்கத்துக்குப் போய் அண்ணனிடம் நேரில் சொல்ல வேண்டும். அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

எனக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும் என் புத்தியைக் கலக்காமல் கோட் சொல்வதைக் கடைசிவரை கேட்க உன்னிடம்தான் பழகினேன். அந்தப் பழக்கம் மட்டும் என்னிடம் அப்படியே இருக்கிறது. அதை வைத்துத்தான் உன் கடைசி வரிகளை எடுக்கச் சரி சொன்னேன்டி.