கடைசிக் கச்சேரியும் மிச்சமிருக்கிற காதும்

ஞாயிறு, இரவு

பதினெட்டு வயதிலிருந்து நான் உயிராகக் கேட்டுவந்த ராக் குழு, இன்று சேலத்தில் கடைசிக் கச்சேரியை நடத்திவிட்டுக் கலைந்தது. பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருபது வருடம் விசைத்தறிச் சத்தத்தில் நின்று என் இடது காது போய்விட்டது, வலது பாதிதான் கேட்கிறது. மத்தியானம் நான் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் வாசலை மறித்துக்கொண்டார்.

"ஏம்புள்ள, இருக்கற காதையும் தொலைச்சுப்போட்டு வரப் போறியா?"

"தறிக்குப் போறப்ப ஒருநாளாச்சும் இப்படி மறிச்சீங்களா?" என்று கேட்டேன். வாசலை விட்டு நகர்ந்துகொண்டார்.

மைதானத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் நின்றேன். பாடகருக்குத் தாடி நரைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் என் தோளைத் தட்டி, "அக்கா, இதாங்க கடைசிப் பாட்டு" என்று காதருகே கத்தினாள். பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். வார்த்தைகள் எனக்குத் தெளிவாக விழவில்லை. டிரம் அடி மட்டும் நெஞ்செலும்பில் வந்து மோதியது. வார்த்தைகளை நானே தொண்டை கிழியப் பாடினேன். அழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஏதோ கேட்டார், காதுக்குள் இருந்த இரைச்சலில் புரியவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, 'நல்லா இருந்துச்சா?' என்று எழுதிக் காட்டினார்.

"இருந்துச்சுங்க. காதைக் காப்பாத்தோணும்னா நாளையிலிருந்து நான் தறிக்குப் போகமாட்டேன். ஓனர்கிட்டச் சொல்லிப்போடுங்க" என்றேன்.

எவ்வளவு உரக்கச் சொன்னேனோ, பக்கத்து வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.